ஃபுல்லர் வீட்டு ஆக்கள்

மகள் தன் கலியாணச் செய்தியை என்னிடம் சொன்னது சிட்னியில், பரமட்டா ரோட்டில், சிவப்பு விளக்கில் கார் நின்றபோது. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாத இடமாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள், கள்ளி.

"அம்மா, நாங்கள் கலியாணம் செய்யப்போறம்," என்றாள்.

"ஆரை?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது! ஆம்புலன்ஸில் வேலை செய்கிற அந்த நெட்டையன் வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் என் குசினியில் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருக்கிறான். மீன்குழம்பின் உறைப்பில் காது இரண்டும் சிவந்துபோனாலும் இன்னும் கொஞ்சம் என்று நீட்டுகிறவன். விளக்கு பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "நல்லது பிள்ளை," என்றேன். உண்மையாகவே நல்லது என்றுதான் நினைத்தேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் வீடு வந்து சேரும்வரை அவள் என் தோளில் கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

மாப்பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இடறியது தாரை வார்ப்பில். எங்கள் கலியாணங்களில் பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, தண்ணீர் வார்த்து, இனி இவள் உங்கள் பொறுப்பு என்று கொடுக்கிற சடங்கு அது. தாயும் தகப்பனும் சோடியாக நின்று செய்யவேண்டும். மகளின் அப்பா செத்துப்போய்விட்டார். அப்படியான வீட்டில் தாய் ஒதுங்கி நிற்பாள், தாய்மாமனும் மாமியும் வந்து நின்று கொடுப்பார்கள். வயிற்றில் சுமந்தவள் தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கவேண்டுமாம்! இதற்காக எந்த ஐயரோடும் சண்டை பிடிக்க நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மகள் கேட்டது வேறு.

"எனக்கு மாமாதான் செய்யவேணும் அம்மா," என்றாள். "அப்பா இல்லாத இடத்தில எல்லாம் மாமாதானே வந்து நிண்டவர். ஹி வாஸ் ஆல்வேஸ் தேர். மாமா வராட்டி எனக்கு மண்டபமும் வேண்டாம், மேளமும் வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில சைன் வச்சிட்டு வாறம்."

அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

மாமா என்றால் மெல்பேர்னில் இருக்கிற என் அண்ணா. மகளின் அப்பா செத்த கிழமை ஓடி வந்தவர், அதன் பிறகு ஒவ்வொரு பள்ளிக்கூட விடுமுறைக்கும் வந்தார். கோயில் கார் பார்க்கில் அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கினார். பட்டமளிப்பில் முன்வரிசையில் இருந்து, ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பில், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அழுதார். ஓய்வுபெற்ற கணக்காளர். வீட்டுக்குள்ளும் சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டித்தான் இருப்பார். அவர் வருவாரா மாட்டாரா என்று எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

எப்போது, எந்த மண்டபம் என்று கேட்டார். பிறகு, "பொடியன் நல்ல பொடியன்தான். சரி. ஆக்கள் ஆர்?" என்றார்.

யாழ்ப்பாணத்துத் தமிழில் இது இரண்டே சொல். ஆனால் அதற்குள் ஊர், கோயில், காணி பூமி, கொண்டான் கொடுத்தான், எல்லாவற்றுக்கும் அடியில் வாய்விட்டுக் கேட்காத சாதி, அத்தனையும் இருக்கிறது. ஒரு சம்பந்தம் பேச்சில் வந்தால் விசாரிப்பது என்று ஒரு வேலை தொடங்கும். தபால் கந்தோரில் ஒருவரிடம், பள்ளிக்கூடத்தில் ஒருவரிடம், கோயில் வாசலில் ஒருவரிடம் மெல்லக் கதை கொடுத்துக் கதை எடுப்பார்கள். கடல் தாண்டி வந்தும் நாங்கள் அதை விடவில்லை. சிட்னியில் ஒரு கலியாணம் என்றால் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் போன் பறக்கும்.

"அண்ணா, அவை வெள்ளைக்காரர்," என்றேன்.

"வெள்ளைக்காரரெண்டா வானத்தில இருந்தே விழுந்தவை? அவைக்கும் அடி நுனி இருக்கும்தானே. ஆக்கள் ஆரெண்டு தெரியாமல் நான் எப்பிடித் தாரை வார்க்கிறது? விசாரிச்சுப் போட்டுச் சொல்லு பிள்ளை."

"ஆரிட்டை விசாரிக்கிறது? மகாராணி குடும்பத்திட்டையே?"

"அது உன்ர கெட்டித்தனம்," என்று போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சண்டையிலே வீடு வாசலை விட்டு, உடுத்த துணியோடு ஓடி வந்த மனிசன். யார் வீட்டுத் திண்ணைகளிலெல்லாமோ படுத்தெழும்பி வந்தவர். இன்னும் ஆக்கள் ஆர் என்கிறார்! அன்றைக்கு ஒரு பானை சோற்றைக் குழைய விட்டேன். ஆனாலும் மகளின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அண்ணாவிடம் கொண்டுபோய் வைக்க எனக்கு ஒரு பதில் வேண்டும்.

விசாரிக்க ஆள் இல்லாத இடத்தில் நான் என்ன செய்தேன்? நேரே போய் மாப்பிள்ளையின் தகப்பனிடமே கேட்டேன். எங்கள் ஆட்களில் ஒருவரும் செய்யத் துணியாத வேலை. விசாரணை என்பதே மற்றப் பக்கத்துக்குத் தெரியாமல் செய்வதுதான்.

சம்பந்தியின் வீடு பென்ரித்தில். மனிசன் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்து ஓய்வெடுத்தவர். குளிர்காலத்திலும் அரைக்காற்சட்டை. பெண்சாதி எதற்கும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்லுவா. தேத்தண்ணீர் தந்தார்கள். நான் காரிலேயே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன ஆங்கிலத்தில், "எங்கள் வழக்கப்படி ஒரு கேள்வி கேட்கவேண்டும். தப்பாக எடுக்காதீர்கள். நீங்கள் யாருடைய ஆட்கள்? உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது?" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது. சரி, கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவரோ, "என் வாழ்நாளில் ஒருவரும் இதை என்னிடம் கேட்டதில்லை," என்றார். கண் கலங்கியிருந்தது. தன் தகப்பனிடம் தான் சின்ன வயதில் இதையே கேட்டதாகவும், "நாங்கள் இங்கேதான்" என்பதோடு தகப்பன் பேப்பரைப் பிரித்துவிட்டதாகவும் சொன்னார். இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்து தோட்ட வேலைக்கு யாரோ கப்பல் ஏறி வந்திருக்கிறார்கள், அதற்கு மேல் தெரியாது. ஃபுல்லர் என்ற குடும்பப் பெயர் மட்டும் இருக்கிறது.

"எனக்குக் கொஞ்சம் நேரம் தாருங்கள்," என்றார். "உங்கள் அண்ணனுக்கு அரைகுறைப் பதில் சொல்லக்கூடாது. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்பது எவ்வளவு அழகான வழக்கம்!"

"ஐயோ, கேட்டுவிட்டீர்களே," என்று பெண்சாதி சிரித்தா. "இனி இவர் நிறுத்தமாட்டார்."

எனக்கு அந்த இடத்திலேயே அந்த மனிசனைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல் இருந்தது, மேசைக்குக் கீழே ஒளிக்கவும் வேண்டும்போல் இருந்தது. அழகான வழக்கமாம்!

அதன் பிறகு மனிசன் விளக்குப் பிடித்துத் தேடினார். நூலகத்தில் குடும்ப வரலாறு தேடுகிற கிழவர் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டார். ஏதாவது அகப்பட்டால் உடனே எனக்கு போன். கலியாணச் சாமான் பார்க்க ஸ்ட்ராத்ஃபீல்ட் இந்தியக் கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். முல்தானி மெட்டிப் பைக்கற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அதன் மேல் ஆங்கிலத்தில் 'ஃபுல்லர்ஸ் எர்த்' என்று அச்சடித்திருந்தது. "இது எங்கள் மண்!" என்று கத்தினார். கவுண்டரில் நின்ற பொடியன் திடுக்கிட்டுப் போனான். இரண்டு கை நிறைய வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணாவும் அண்ணியும் வந்து சம்பந்தியைச் சந்திக்கிற நாள் ஒரு ஞாயிறாக அமைந்தது. என் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பு, மீன் பொரியல், சொதி, வடை. மகள் காலையில் இருந்து கதிரைகளை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு டியூட்டி. அது நல்லதுக்குத்தான் என்று பிறகு நினைத்தேன்.

சம்பந்தி அன்றைக்கு நீளக் காற்சட்டை போட்டு, டை கட்டி வந்திருந்தார். அண்ணாவுக்காக. அதைப் பார்த்தபோதே எனக்கு மனம் இளகிவிட்டது. சாப்பாட்டுக் கோப்பையில் சோறு விழுந்ததும் தொடங்கினார். அவர் பேசியது ஆங்கிலம், நான் என் தமிழில் சொல்கிறேன்.

"பழைய காலத்தில் எங்களுக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை," என்றார். அண்ணா தலையாட்டினார். எங்களுக்கும் அப்படித்தானே, தகப்பன் பெயரை முன்னால் வைப்பதோடு சரி. "ஒரே ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர். யாரை யார் என்று சொல்வது? ரொட்டி சுடுகிறவன், கொல்லன், மேய்க்கிறவன் என்று தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வரி கேட்டு வந்தவனும் அப்படியே எழுதினான். பிறகு பிள்ளைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது, பிள்ளை அந்தத் தொழிலைச் செய்யாவிட்டாலும்."

"அப்ப ஃபுல்லர் எண்டா என்ன தொழில்?" என்று அண்ணா ஆங்கிலத்தில் கேட்டார். வடையைப் பிட்டுக்கொண்டே, பெரிய அக்கறை இல்லாததுபோலக் கேட்டார். எனக்கு அவரைத் தெரியாதா?

"துணி," என்றார் சம்பந்தி.

அண்ணாவின் முகம் மலர்ந்தது. துணி வியாபாரம் என்று எடுத்துக்கொண்டார்.

"தறியில் இருந்து வருகிற கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்காக, ஐதாக இருக்கும். காற்று உள்ளே போகும். அதைத் தொட்டியில் போட்டு, வெறுங்காலால் மணிக்கணக்காக மிதிக்கவேண்டும். மிதிக்க மிதிக்க நூல்கள் ஒன்றோடொன்று இறுகித் துணி தடிக்கும். பிசுக்குப் போக இந்த மண்." சட்டைப் பைக்குள் இருந்து முல்தானி மெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "அதோடு, பழைய மூத்திரம். வீடு வீடாகச் சேர்த்து வருவார்கள். புளித்த மூத்திரம் போலப் பிசுக்கை எடுப்பது வேறொன்றும் இல்லை." சொதியைக் கரண்டியால் கிளறியபடி சொன்னார். "அதற்குள் நின்று மிதித்தவர்கள்தான் என் ஆட்கள்."

அண்ணாவின் கையில் வடை அப்படியே நின்றது. மேசைக்குக் கீழே மகள் என் காலை உதைத்தாள். சம்பந்தியின் பெண்சாதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. நான் சொதிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணிதான் எங்களைக் காப்பாற்றினா. பைக்கற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அட, இதைத்தானே நான் வெள்ளிக்கிழமையில முகத்துக்குப் பூசுறனான்!" என்றா. மகளுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. சம்பந்திக்கு அதைச் சொன்னதும் அவருக்கு ஆனந்தம். அதே தொழிலுக்கு இங்கிலாந்தின் வடக்கில் வாக்கர், தென்மேற்கில் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர் என்று மூன்று பெயர் என்றார். பிறகு ஆற்றுத் தண்ணீரில் ஓடுகிற ஆலை வந்து, மனிதக் காலின் வேலையை மரச்சுத்தியல் எடுத்துக்கொண்டது. ஒருவரும் மிதிக்கத் தேவையில்லை. பெயர் மட்டும் மிச்சம். "என் நேர்ப் பாட்டன்கள்தான் மிதித்தார்களா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது," என்றார். "ஆனால் யாரோ ஒருவன் மிதித்திருக்கிறான். அவனால்தான் எனக்குப் பெயர்."

அதோடு விட்டிருக்கலாம். மனிசன் அண்ணாவின் பக்கம் திரும்பி, ஆசையோடு, "உங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டார்.

"விவசாயம். காணி," என்றார் அண்ணா.

"நீங்களே உழுவீர்களா?"

"இல்லை. அதுக்கு ஆக்கள் இருந்தவை."

"துணி வெளுக்க?"

"அதுக்கும் இருந்தார். கட்டாடி என்று கூப்பிடுவோம். தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டுக்கு அவர்தான்."

"கட்டாடி," என்று சம்பந்தி மெல்லச் சொல்லிப் பார்த்தார். "அது அவருடைய பெயரா?"

"இல்லை. தொழில். அப்படித்தான் கூப்பிடுவது."

"அவருடைய பெயர் என்ன?"

அண்ணா என்னைப் பார்த்தார். நானும் தேடிப் பார்த்தேன். அந்த மனிசனின் முகம் வந்தது. வெற்றிலைச் சிவப்புப் பல்லு வந்தது. தோளில் மூட்டையோடு கேற்றடியில் நிற்கிற நிலை வந்தது. பெயர் வரவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது.

"தெரியாது," என்றார் அண்ணா.

சம்பந்தி குத்திக் காட்டுகிற ஆள் இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டார். "ஆ, பாவம்," என்றார். "அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே." பெண்சாதி சட்டென்று தான் கொண்டுவந்த கேக்கைத் திறந்து எல்லாருக்கும் வெட்டத் தொடங்கினா. அண்ணா தன் துண்டைத் தொடவில்லை.

அவர்கள் போன பிறகு அண்ணா ஹோலில் இருந்தபடி, "துணி மிதிச்ச ஆக்கள்," என்றார். யாருக்கும் சொல்லவில்லை, சுவருக்குச் சொன்னார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஓம், மிதிச்சவை. அதுக்கென்ன இப்ப? ஒளிக்காமல் மேசையில வச்சுச் சொன்னாரே, உங்களுக்காகவெண்டு டை கட்டிக்கொண்டு வந்து சொன்னாரே, அது தெரியேல்லையோ?"

"நான் பிழையெண்டு சொல்லேல்லை பிள்ளை. நாளைக்குச் சபையில நாலு பேர் கேட்டா..."

"எந்தச் சபை? சண்டைக்குள்ள ஓடேக்க எந்தச் சபை வந்து உங்களுக்குச் சோறு தந்தது? என்ர கலியாணத்துக்கு அந்தக் கட்டாடியார் நிலபாவாடை விரிச்சு, அந்த வெள்ளைத் துணிக்கு மேலதானே நான் மணவறைக்கு நடந்து போனனான். அவர் வந்து விரிக்குமட்டும் ஐயரும் பார்த்துக்கொண்டு நிண்டவர், மேளமும் பார்த்துக்கொண்டு நிண்டது. அவரில்லாமல் எங்களுக்குக் கலியாணமும் இல்லை, செத்தவீடும் இல்லை. அந்த மனிசன்ர பேர் எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது. வெக்கக்கேடு!"

அண்ணா எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஒரு நடை நடந்துபோட்டு வாறன் என்று போய்விட்டார். மகள் படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இறங்கி வந்து மேசையைத் துடைத்தாள். "இட்ஸ் ஓகே அம்மா," என்றாள். "ரெஜிஸ்ட்ரி இஸ் ஃபைன்." துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். நான் துணியை அவள் கையில் இருந்து வாங்கிவிட்டு அவளை அணைத்துக்கொண்டேன். அப்பா செத்த அன்றைக்கு இருந்ததுபோல இறுகிப்போய் நின்றாள்.

மெல்பேர்னுக்குப் போன அண்ணாவிடம் இருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் எடுத்தால் லைன் பிஸி. எப்போது எடுத்தாலும் பிஸி. ஒருநாள் அண்ணி எடுத்தா. "உங்கட அண்ணா ஒரே போனும் கையுமாத்தான் இருக்கிறார். விடிய எழும்பினா ஊருக்கு, பிறகு லண்டனுக்கு, பிறகு கனடாவுக்கு. ஆரையோ விசாரிக்கிறார். எனக்கும் சொல்லுறாரில்லை," என்றா.

 லண்டனில் யாரையோ பிடித்து ஃபுல்லர் குடும்பத்தை இன்னும் கிண்டுகிறார் என்று நினைத்தேன். மண்டபக்காரன் முடிவு கேட்டு போன் எடுத்துக்கொண்டிருந்தான். மகளோ ரெஜிஸ்ட்ரிக்கு நாள் கேட்டு ஈமெயில் அனுப்பிவிட்டாள். எனக்குச் சொல்லாமல்தான் அனுப்பினாள். மாப்பிள்ளைதான் கோப்பை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னான். "அவள் மாமாவை மிஸ் பண்ணுறாள்," என்று அரைத் தமிழில் சொன்னான். அவனுடைய காது உறைப்பே இல்லாமல் சிவந்திருந்தது.

அந்தக் கிழமை, சனிக்கிழமை காலையில் பெல் அடித்தது. மகள்தான் கதவைத் திறந்தாள். அண்ணா. கையில் ஒரு சின்னப் பை. சொல்லாமல் கொள்ளாமல் பிளேன் ஏறி வந்திருக்கிறார். சேர்ட்டின் மேல் பொத்தான் பூட்டவில்லை. நேரே குசினிக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"விசாரிச்சனான்," என்றார்.

"அண்ணா, போதும். இனி அந்தச் சனத்தை விடுங்கோ," என்றேன்.

"உன்ர சம்பந்தியை இல்லை. கட்டாடியாரை."

நான் அடுப்பை அணைத்தேன்.

"அந்த மனிசன் பேரைக் கேட்டுப்போட்டு என்ர முகத்தைப் பார்த்தார் பார். அதுக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை," என்றார் அண்ணா. "ஊரில பெரியப்பாட மகனிட்டைக் கேட்டன். தெரியாதாம். லண்டனில கேட்டன். கட்டாடியார்தானே எண்டு சிரிக்கிறான். எல்லாருக்கும் அவரின்ர கழுதையைத் தெரியும், மூட்டையைத் தெரியும். பேர் தெரியாது. கடைசியில கனடாவில ஒருத்தர், அவரோட பள்ளிக்கூடம் போனவராம், அவர் சொன்னார்." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவர் நல்லாப் படிச்சவராம் பிள்ளை. மூண்டாம் வகுப்போட எங்கட ஆக்கள் மறிச்சுப் போட்டினமாம். இடம்பெயர்ந்த நேரம் வன்னியில செத்துப்போனார். பிள்ளையள் வெளியில நல்லா இருக்கினம்."

பிறகு பெயரைச் சொன்னார். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. முருகனின் பெயர்களில் ஒன்று. அதை நான் இங்கே எழுதமாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் எந்த நாட்டிலோ தங்கள் பாட்டுக்கு வாழ்கிறார்கள். நாங்கள் சுமத்திய தொழிலோடு அந்தப் பெயரைச் சேர்த்து ஊருக்குச் சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இல்லை. ஆனால் அன்றைக்கு என் குசினியில் அந்தப் பெயரை நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னோம். அண்ணா அழுதார். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை.

மகள் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அவருடைய முழங்காலில் தலையை வைத்தாள். அண்ணா அவளுடைய தலையைத் தடவிவிட்டார். "நான் தாரை வார்க்கிறன் பிள்ளை," என்றார். "நானும் மாமியும். உன்ர அம்மாவும் எங்களோட சேர்ந்து நிப்பா. ஐயர் ஏதும் சொன்னா நான் கதைக்கிறன். ஆனா ஒண்டு. நிலபாவாடை விரிக்கவேணும்."

"வாட்ஸ் தாட்?" என்று கேட்டாள் மகள். வெள்ளைத் துணி, நீ அதில்தான் நடக்கவேணும் என்றேன். சரி என்று மூக்கை உறிஞ்சினாள். ரெஜிஸ்ட்ரிக்காரனுக்கு வேண்டாம் என்று அன்றைக்கே ஈமெயில் போனது.

சிட்னியில் இப்போது நிலபாவாடை விரிப்பாரில்லை. மண்டபக்காரன் சிவப்புக் கம்பளம் தருவான், அதோடு சரி. நாங்கள் வெள்ளைத் துணியாக நீளத்துக்கு வாங்கினோம். யார் விரிப்பது என்ற பேச்சு வந்தபோது சம்பந்தி கையை உயர்த்தினார், பள்ளிக்கூடப் பிள்ளைபோல. "அது எங்கள் வேலை," என்றார். "ஃபுல்லர் இருக்கும்போது வேறு யார் துணியைத் தொடுவது?"

கலியாணத்தன்று வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். இடுப்பில் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தார். மண்டப வாசலில் துணிச் சுருளோடு நின்றவரைப் பார்த்துவிட்டு ஒரு அன்ரி என் காதுக்குள், "உவர் ஏன் உந்த வேலை செய்யிறார்? உவர் ஆர்?" என்று கேட்டா. "மாப்பிள்ளையின்ர தகப்பன். அவையின்ர ஆக்கள் துணி வெளுத்த ஆக்கள்," என்று சத்தமாகவே சொன்னேன். அன்ரி வாயை மூடிக்கொண்டா.

சம்பந்தி குனிந்து சுருளை உருட்டத் தொடங்கினார். தனியாக விரிக்கத் துணி ஒரு பக்கம் இழுபட்டது. மணவறைக்குப் பக்கத்தில் பட்டு வேட்டி சால்வையோடு நின்ற அண்ணா, அந்தச் சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க இறங்கி வந்தார். சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தியிடம் அந்தப் பெயரைச் சொன்னார். "நீங்கள் கேட்டீர்களே. இதுதான் அவருடைய பெயர்."

சம்பந்தி அதைச் சொல்லிப் பார்த்தார். பிழைத்தது. அண்ணா திருத்தினார். திரும்பச் சொன்னார். மேளகாரர் காத்துக்கொண்டு நின்றார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக வரும்வரை சம்பந்தி விடவில்லை. பிறகு இரண்டு பேருமாகத் துணியை இழுத்துச் சுருக்கமில்லாமல் விரித்தார்கள்.

மேளம் தொடங்கியது. கூறைச் சேலையில் மகள் துணியின் ஓரம்வரை வந்தாள். வந்து நின்றுவிட்டாள். வெளியே புல்லில் நின்று படம் எடுத்ததில் பாதமெல்லாம் மண். பால் வெள்ளைத் துணியையும் தன் காலையும் பார்த்தாள்.

"மாமா, ஊத்தையாப் போகும்," என்றாள்.

அண்ணா நிலத்தில் முழங்காலில் இருந்தபடி, துணியின் நுனியை விடாமல், அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நட பிள்ளை," என்றார். "நான் வெளுக்கிறன்."